கொரோனாவும் வயிறும்: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

சளி, இருமல் இருந்தால்தான் கொரோனா என்ற நினைப்பு இன்னும் பலருக்குப் போகவில்லை. வயிறு, கல்லீரல் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதும் வந்து குவிந்தவற்றில் கொரோனா தொடர்பான கேள்விகள் மட்டும் இங்கே. பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள், அதனால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

வாசகி, மதுரை: இரண்டு நாள் ஒரே வாந்தி, வயிற்றுப்போக்கு. முந்தின நாள் சாப்பிட்ட ஹோட்டல் பிரியாணிதான் காரணம் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் தொண்டை வலி வந்து டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ். காய்ச்சல்கூட இல்லை. கொரோனா வயிற்றில் ஆரம்பிக்குமா டாக்டர்?

ஆரம்பிக்கும். பிரியாணி மேல் பழி போட்டது பாவம். அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கொரோனா நோயாளி, வாஷிங்டன் மாநிலத்துக்காரர், 2020 ஜனவரியில் மருத்துவமனைக்கு வந்தபோதே இரண்டு நாளாகக் குமட்டலும் வாந்தியும் இருந்ததாகச் சொன்னார், வார்டில் சேர்ந்த பிறகு பேதியும் ஆனது, அவருடைய மலத்தைச் சோதித்ததில் அதிலும் வைரஸ் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் சீனாவிலிருந்து வந்த பெரிய அறிக்கையில் 1099 நோயாளிகளில் 100க்கு 4 பேருக்குத்தான் வயிற்றுப்போக்கு என்று இருந்தது, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மற்ற நாடுகளில் உட்கார்ந்து விவரமாகக் கேட்டபோது, பசியின்மை, குமட்டல், வாந்தி, பேதி இதில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். முதலில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

காரணம் இதுதான். இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏ.சி.இ.2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதம் நுரையீரலில் இருப்பதைவிடச் சிறுகுடலின் உள்சுவரில் அதிகம். நாம் சாப்பிடும் புரதச்சத்திலிருந்து சில அமினோ அமிலங்களை உறிஞ்சிக்கொள்ள அது குடலுக்குத் தேவை, அதற்காகத்தான் அங்கே இருக்கிறது, வைரஸுக்காக அல்ல. நெதர்லாந்தில் 2020லேயே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் சிறுகுடல் திசுவில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள், நன்றாகவே பெருகியது. ஆக, குடலை வைரஸ் நேரடியாகவே தொடுகிறது. கல்லீரல் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

கொரோனா பேதி பெரும்பாலும் தண்ணீர் மாதிரிப் போகும், நாளுக்கு மூன்று நான்கு முறை, சில நாளில் தானே அடங்கிவிடும். ரத்தமோ சீழோ கலந்து போனால் அதைக் கொரோனா கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், சீதபேதியோ வேறு ஏதோவாக இருக்கலாம். இன்னொன்று, நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை என்னவென்று எழுதவில்லை. வயிற்றுப்போக்கு என்றதும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று பேதியை இன்னும் இரண்டு நாள் இழுத்துவிடும், அவ்வளவுதான்.

வேண்டியது ஓ.ஆர்.எஸ்., தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிவிட்டு பாக்கெட்டை மடித்து வைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உப்பு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகக் குடியுங்கள். சாப்பாடு: கஞ்சி, இட்லி, மோர்ச்சாதம், எது இறங்குகிறதோ அது. பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால் டிரிப்ஸ் தேவைப்படலாம், கிளம்பிவிடுங்கள். அதே மாதிரி, வயிற்றில் தாங்க முடியாத வலி, ஆனால் கையை வைத்து அழுத்திப் பார்த்தால் வயிறு மிருதுவாகத்தான் இருக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. கொரோனாவில் ரத்தம் உறையும் தன்மை கூடும், அபூர்வமாகக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயே அடைத்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வாசகர், கோவை: எங்கள் வீட்டில் ஒரே டாய்லெட், ஆறு பேர். மாமனாருக்கு பாசிட்டிவ். மலம் வழியாக எங்களுக்கும் பரவுமா?

சமயத்தில் பரவலாம், ஆனால் அது முக்கிய வழி இல்லை. மாமனார் பேசும்போதும் இருமும்போதும் மூச்சில் வருவதுதான் உங்களுக்கு ஆபத்து. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் லேசான நோய் வந்தவர்களையே தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேருடைய மலத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ., அதாவது மரபுப்பொருள், இருந்தது, 7 மாதம் கழித்தும் 100க்கு 4 பேரிடம் இருந்தது. ஆனால் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்றால் உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மலத்திலிருந்து உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுத்தது மிகச் சில தடவைதான். இந்த ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான் சாக்கடைத் தண்ணீரைச் சோதித்து ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள், 2020லேயே ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் செய்தார்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. 2003ல் கொரோனாவின் உறவுக்கார வைரஸான முதல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. பேதியோடு வந்த ஒரு நோயாளி அங்கே டாய்லெட்டைப் பயன்படுத்தியிருந்தார். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே வளைந்த குழாய் இருக்கும் அல்லவா, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. பல வீடுகளில் அது காய்ந்து கிடந்தது. எக்சாஸ்ட் ஃபேனைப் போட்டதும் குழாயில் இருந்த ஈரக்காற்று வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, பயன்படுத்தாத பாத்ரூம் இருந்தால் தரை ஓட்டையில் அவ்வப்போது ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவது, மூடி இருந்தால் மூடிவிட்டு ஃப்ளஷ் செய்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது, சோப்பு போட்டுக் கை கழுவுவது. மாமனார் போய்வந்த பிறகு சிறிது நேரம் கழித்து மற்றவர்கள் போனால் போதும். சாப்பாடு மூலம் பரவும் என்று அவர் தட்டைத் தனியாகத் தூக்கி எறிய வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவினால் சரி.

வாசகர், சேலம்: வயது 52. கொரோனா வந்து பத்து நாள் ஆகிறது, இப்போது உடம்பு பரவாயில்லை. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 112, எஸ்ஜிஓடி 94. பிலிருபின் 0.8, அல்புமின் 3.9. மகன் கூகுளில் பார்த்துவிட்டு கல்லீரல் போய்விட்டது என்கிறான். இரவெல்லாம் தூக்கம் இல்லை.

முதலில் தூங்குங்கள் ஐயா. உங்கள் ரிப்போர்ட்டில் கல்லீரல் போனதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள். செல் எரிச்சலடைந்தால் அவை ரத்தத்தில் கசியும். அடுப்படியில் புகை வந்தால் சமையல் நடக்கிறதா, வீடு எரிகிறதா என்று புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, இதுவும் அப்படித்தான். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்வது பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இவை. உங்களுக்கு பிலிருபினும் அல்புமினும் ஒழுங்காக இருக்கின்றன. 40தான் மேல் அளவு என்றால் 112 என்பது மூன்று மடங்குகூட இல்லை. முன்னே சொன்ன அந்த 1099 பேர் அறிக்கையிலேயே ஐந்தில் ஒருவருக்கு இந்த என்சைம்கள் கூடியிருந்தன. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் கடுமையானவர்களில் இன்னும் அதிகம்.

ஏன் கூடுகிறது? இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், வைரஸ் போய்க் கல்லீரலைத் தின்கிறது என்று. கல்லீரலின் முக்கியச் செல்களில் ஏ.சி.இ.2 மிகக் குறைவு. பித்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களில்தான் அது அதிகம். வைரஸ்தான் நேரடியாகத் தாக்குகிறது என்றால் பித்தக் குழாய் பாதிக்கப்பட்டதைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற என்சைம்தான் முதலில் ஏறியிருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ஏறுவதில்லை. ஆக நேரடித் தாக்குதல் சின்னப் பங்குதான். பெரிய பங்கு மற்றவற்றுக்கு. உடம்பு முழுக்கப் பரவும் அழற்சி. ஆக்சிஜன் இறங்கினால் கல்லீரலுக்கும் மூச்சுத் திணறும். அப்புறம் தசை வலி, எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது, உடம்பு வலி அதிகம் இருந்தவர்களுக்கு அதுவே கொஞ்சம் ஏற்றிவிடும். கடைசியாக, நான் எப்போதும் முதலில் கேட்பது, மாத்திரை. பாராசிட்டமால், ரெம்டெசிவிர், ஃபேவிபிராவிர், டோசிலிசுமாப், சில ஆன்டிபயாடிக்குகள், எல்லாமே என்சைம்களை ஏற்றக்கூடியவை. 2021 இரண்டாம் அலையில் ஒரே பையில் எட்டு ஒன்பது மருந்து வைத்துக்கொண்டு வந்தார்கள், அதில் பாதிக்கு வேலையே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: வேண்டாத மாத்திரைகளை நிறுத்துங்கள் (சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை அல்ல), நாலு முதல் ஆறு வாரம் கழித்து இதே டெஸ்டைத் திரும்ப எடுங்கள். பெரும்பாலும் இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும். என் அனுபவத்தில் இந்த இடத்தில் வழக்கமாகத் தட்டுப்படுவது ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்புதான். பத்து வருஷமாக இருந்திருக்கும், யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை, கொரோனா வந்ததால் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். லிவர் டானிக் எதுவும் வேண்டாம், கேட்டு வாங்கவும் வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும்: இந்த என்சைம்கள் மேல் அளவின் ஐந்து மடங்கைத் தாண்டினால், கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் ஆனால், ஐ.என்.ஆர். ஏறினால், பேச்சில் குழப்பம் வந்தால். இதில் எது வந்தாலும் ஆறு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது.

வாசகி, திருநெல்வேலி: காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மாத்திரை ஒரு நாளைக்கு நாலு வீதம் ஆறு நாள் போட்டேன். கல்லீரல் கெட்டிருக்குமா?

நாலு மாத்திரை என்றால் 2600 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4000. நீங்கள் அதற்குள்ளேயே இருந்திருக்கிறீர்கள். சிக்கல் வருவது வேறு இடத்தில். சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை என்று கூடவே போடுவதில் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். தினமும் குடிப்பவர்கள், சாப்பிடாமலே கிடப்பவர்கள், ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் 2000ஐத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு, பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

வாசகர், தஞ்சாவூர்: 2020 ஏப்ரலில் அரசு கொடுத்ததிலிருந்து கபசுரக் குடிநீர் குடிக்க ஆரம்பித்தோம். வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை. அம்மா கூடவே சீந்தில் பொடியும் சாப்பிடுகிறார். இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார். சரியா?

சரி இல்லை. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்ல வேண்டும்.

கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள், அதில் ஒன்று சீந்தில். வடக்கே கிலோய் என்பார்கள். 2020 கடைசியில் மும்பையில் ஆறு பேர் மஞ்சள் காமாலையோடு வந்தார்கள், எல்லோரும் கொரோனாவுக்குப் பயந்து கிலோய் சாப்பிட்டவர்கள். 2021ல் அது வெளியானதும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அது சீந்திலே இல்லை, அதே மாதிரி இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அதன் பிறகு நாட்டில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கல்லீரலை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்குவது போன்ற அழற்சி அது. ஏற்கெனவே தைராய்டு, சர்க்கரை அல்லது அந்த மாதிரி ஆட்டோஇம்யூன் நோய்க்கான தன்மை உள்ளிருந்தவர்களுக்கு அது கிளறிவிட்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று நம்பி ஒன்றைச் சாப்பிட்டால், கூடிய அந்தச் சக்தி எங்கே போய்ப் பாயும் என்று யார் சொல்ல முடியும்? சாப்பிடுகிற எல்லோருக்கும் வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

ஒரு அம்மா வந்தார், வயது ஐம்பதுக்கு மேல், கண்ணில் மஞ்சள், கையில் ஒரு துணிப்பை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமே இல்லை சார் என்றார். பையைக் கவிழ்க்கச் சொன்னேன். சீந்தில் பொடி டப்பா, மஞ்சளும் மிளகும் சேர்த்த கேப்சூல், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த லேகியம், தேதி போன துத்தநாக மாத்திரை அட்டை. இதெல்லாம் மருந்தா சார் என்று கேட்டார். எல்லாவற்றையும் நிறுத்தினோம், ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ எல்லாம் இல்லை என்று பார்த்துக்கொண்டோம், மெல்ல மெல்ல இறங்கியது. மஞ்சளும் மிளகும் குழம்பில் போடுவது வேறு, மிளகுச் சத்தைச் சேர்த்து மஞ்சளின் சத்தை உடம்பு பல மடங்கு உறிஞ்சும்படி செய்த கேப்சூல் வேறு. அந்தக் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தபோது சித்த மருத்துவர் பார்த்துச் சில நாளுக்குக் கொடுத்தால் அது ஒரு விஷயம். நோயே இல்லாமல் வருஷக்கணக்கில் தினமும் குடிக்க யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. நிறுத்திவிட்டு ஒரு எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். மஞ்சள் இருந்தால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

வாசகர், விழுப்புரம்: சாராயம் கிருமியைக் கொல்லும், சானிடைசரில் அதுதானே இருக்கிறது, குடித்தால் கொரோனா வராது என்கிறான் நண்பன்.

கையில் தடவுகிற அடர்த்தியில் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறினால் கொரோனாவுக்கு முன்னால் நண்பன் போய்விடுவான். 2020ல் ஈரானில் இந்த வதந்தியை நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதே வருஷம் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் குறிச்சேடில் மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரையே குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். குடி நோய் எதிர்ப்பைக் குறைக்கும், கொரோனா நேரத்தில் கல்லீரலுக்கு இரட்டை வேலை வைக்கும்.

வாசகி, வேலூர்: கணவருக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரல் சுருக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள், டெனோஃபோவிர் சாப்பிடுகிறார். கொரோனா வந்தால் என்ன செய்வது? தடுப்பூசி போடலாமா?

போடலாம், போட வேண்டும். இந்த இதழில் வந்த கேள்விகளில் நான் உண்மையிலேயே கவலைப்பட்டது இதற்குத்தான். தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் 29 நாடுகளிலிருந்து சேர்த்த கணக்கில், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் 100க்கு 32 பேர் கொரோனாவில் இறந்தார்கள், சுருக்கம் இல்லாத கல்லீரல் நோயாளிகளில் 8 பேர். சுருக்கம் முற்றி வயிற்றில் நீர், காமாலை என்ற கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர். பெரும்பாலும் நுரையீரலால்தான், கல்லீரலும் கூடவே கவிழ்ந்தது. இப்போதுள்ள ஒமிக்ரான் வகைகளும் தடுப்பூசியும் அந்த எண்களை நிறையவே குறைத்திருக்கும், ஆனாலும் உங்கள் கணவர் மற்றவர்களைப் போல 'சாதாரண சளிதானே' என்று இருக்கக் கூடாது. காய்ச்சல் வந்த முதல் நாளே டெஸ்ட்.

டெனோஃபோவிரை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வந்தால் ஹெபடைடிஸ் பி வைரஸ் திடீரென்று தலைதூக்கும், அந்த மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. பார்க்கும் டாக்டரிடம் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கும் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஒரு வரி: கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையில் இருக்கும் ரிடோனாவிர், மாற்றுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்க நீங்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் அபாயகரமாக ஏற்றிவிடும். உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வாசகர், ஈரோடு: அப்பா 2021ல் மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் உடம்பெல்லாம் அரிப்பு, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் 800க்கு மேல். கல் எதுவும் இல்லை என்றார்கள். அது கொரோனாவாலா?

இருக்கலாம். கடுமையான கொரோனாவில் நாள்கணக்கில் ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களில் சிலருக்குப் பித்தக் குழாய்கள் உள்ளே சிதைந்து அங்கங்கே குறுகிப் போகின்றன. பித்தக் குழாய்க்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் மெல்லியவை, ஆக்சிஜன் குறைவை அவை தாங்குவதில்லை, அதோடு வைரஸ் அந்தச் செல்களையும் தொடும் என்று மேலே சொன்னேன். அப்பாவுக்குப் பித்தக் குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்தீர்களா? சாதாரண ஸ்கேனில் இது தெரியாமல் போகலாம். அரிப்புக்கும் பித்தம் ஓடவும் மருந்து உண்டு, குறுகலை எண்டோஸ்கோப்பியில் சரிசெய்யவும் பார்ப்பார்கள், சிலருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை வரை போயிருக்கிறது. குளிரோடு காய்ச்சல் வந்தால் பித்தக் குழாயில் தொற்று, அன்றே அட்மிஷன். இன்னும் கல்லீரல் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வாசகி, சென்னை: கொரோனா வந்து எட்டு மாதம். சாப்பிட்டு எழுந்ததும் ஓடவேண்டியிருக்கிறது, வயிறு ஊதிக்கொள்கிறது, சில வாசனைகள் குமட்டுகின்றன. எல்லா டெஸ்டும் நார்மல். மனசுதான் காரணம் என்கிறார்கள்.

மனசு மட்டும் இல்லை. குடல் தொற்று எதுவாக இருந்தாலும், சால்மனெல்லாவோ நோரோவைரஸோ, அது போன பிறகும் சிலருக்குக் குடல் நரம்புகள் மாதக்கணக்கில் படபடப்பாகவே இருக்கும். கொரோனாவுக்குப் பிறகும் அதையே பார்க்கிறோம். ஹாங்காங்கில் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது அழற்சியைத் தணிக்கும் சில நல்ல பாக்டீரியா குறைந்திருந்தன, நோய் போன பிறகும் பலருக்கு உடனே திரும்பவில்லை. வாசனை குமட்டுவது மூக்கு நரம்பு கோணலாகத் திரும்பி வளர்வதால், அது மெல்லச் சரியாகும். காபிப் பொடியும் வெங்காயம் வதக்குவதும் சகிக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள், உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

பால், மைதா, பொரித்தது, குளிர்பானம் எது சாப்பிட்டால் அதிகமாகிறது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி எலும்பும் தோலுமாக வராதீர்கள். பாலை மாற்றி மோர் பாருங்கள். பழைய சோறு சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறீர்கள், சுத்தமான தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறியது என்றால் தாராளமாக. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோய்க்கு அதை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். கடையில் விற்கும் புரோபயாடிக் கேப்சூல் ஒரு மாதம் முயற்சி செய்து பலன் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், காசு கரைவதுதான் மிச்சம். எடை குறைந்தால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேதி ஆனால், ரத்தம் போனால், இரும்புச்சத்து குறைந்தால் நார்மல் ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் திரும்ப வாருங்கள்.

வாசகர், நாகர்கோவில்: ஏழு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கடும் வயிற்று வலி. அப்பென்டிக்ஸாக இருக்குமோ என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து போனது, அவளுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்விக்கு உங்கள் எண்ணில் கூப்பிட்டு அன்றே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. குழந்தைகளுக்கு கொரோனா வந்து, சில சமயம் வந்ததே தெரியாமல் போய், இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து உடம்பு முழுக்க அழற்சி ஏற்படும் நோய் ஒன்று இருக்கிறது. அது முக்கால்வாசி வயிற்றில்தான் காட்டும்: வலி, வாந்தி, பேதி. அப்பென்டிக்ஸ் என்று ஆபரேஷன் தியேட்டர் வரை போன குழந்தைகள் உண்டு. கூடவே கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, உதடு வெடிப்பு, கை கால் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான அபாயம் இதயத்துக்கு. அபூர்வம்தான், ஒமிக்ரானுக்குப் பிறகு இன்னும் குறைந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் காய்ச்சலும் வயிற்று வலியும் உள்ள குழந்தையை எக்கோ ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், போகும்போது வீட்டில் எப்போது கொரோனா வந்தது என்ற தேதியைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.